1903 மாதிரி ஐந்து பைத் தோட்டாப் பட்டி: இந்திய நகலை வாங்கலாமா?

மேடைக்கும் பாடசாலைக் கண்காட்சிக்கும் என்றால் வாங்கலாம். பழம்பொருள் என்ற நினைப்பில் வாங்கவே கூடாது. விற்கிறவர் "பழைய இருப்பு, பாவிக்காதது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம்.

பிரித்தானியப் படையின் 1903 மாதிரித் தோல் பண்டோலியரை, அதாவது மார்பின் குறுக்கே போடும் தோட்டாப் பட்டியைப் பார்த்து இந்தியாவில் தைத்து அனுப்புகிற நகல் இது. கம்பனிப் பெயர் எதுவும் இதில் இல்லை. ஒரே சரக்கு பல விற்பனையாளரிடம் பல பெயரில் கிடைக்கிறது; சிலர் "முதலாம் உலகப் போர்" என்கிறார்கள், சிலர் "போயர் போர்" என்கிறார்கள். கொழும்பில் இறக்குகிறவர்களிடம் வாங்கினால் ஒரு சோடி நல்ல தோல் சப்பாத்தின் விலை வரும். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நாடகம் போடுகிறவர்களும் குறும்படம் எடுக்கிற பெடியளும் வெள்ளைக்காரன் காலத்துக் காட்சிக்கு இதைத்தான் தேடுகிறார்கள். அதோடு வன்னியின் பழைய வீடுகளில் வளையிலும் பெட்டகத்திலும் கிடக்கும் வேட்டைப் பட்டிகளை இதோடு ஒப்பிட்டு "எங்கள் வீட்டில் இருப்பது எது?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவருக்குமாகச் சேர்த்தே இந்த மதிப்பீடு.

முதலில் அசல் என்னவென்று தெரிந்தால்தான் நகல் எங்கே சறுக்குகிறது என்று விளங்கும். தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் குதிரையேறிய வீரர்கள் மார்பில் போட்ட தோல் பட்டிகளில் தோட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வளையம் இருந்தது. தோல் வளையம் நாளடைவில் இளகும். இளகினால் குதிரை ஓடுகிற ஓட்டத்தில் தோட்டா வழுகி விழும். அந்த நேரத்தில் ஐந்து தோட்டாவை ஒரு சிறிய உருக்குக் கவ்வியில் கொளுவி ஒரே அழுத்தில் துவக்குக்குள் இறக்கும் முறையும் வந்தது. அந்தக் கவ்விக்கு சார்ஜர் என்று பெயர். சார்ஜருக்கு வளையம் உதவாது, மூடி போட்ட பைதான் வேண்டும். அதற்காக வந்ததே 1903 மாதிரி. மண்ணிறத் தோல், பை மூடியைப் பூட்டும் பித்தளைக் குமிழ், இடது தோளில் போட்டு வலது இடுப்புப் பக்கம் இறங்கும் வார். பை ஒன்றில் இரண்டு சார்ஜர், அதாவது 10 தோட்டா. காலாட்படைக்கு ஐந்து பை, 50 தோட்டா. குதிரைப்படைக்கு ஒன்பது பை, 90 தோட்டா. ஐந்து முன்னால், நான்கு முதுகில். ஆஸ்திரேலியக் குதிரைப்படையின் பழைய படங்களில் தெரிவது இந்த ஒன்பது பைப் பட்டிதான். நமது நகல் ஐந்து பை வகை.

விற்பனைப் பக்கத்தில் "போயர் போர்" என்று எழுதியிருப்பது பிழை என்பது ஆண்டைப் பார்த்தாலே தெரியும். போர் 1902 மே மாதத்தில் முடிந்தது. மாதிரியின் ஆண்டு 1903.

இனிப் பொருளுக்கு வருவோம். இதைச் சோதிக்க உண்மையான தோட்டாவைத் தேடக் கூடாது. வெற்றுக் கோதும் வேண்டாம். ஒரு மரக்கட்டை போதும். அந்தக் காலத்துப் பிரித்தானியப் படைத் துவக்கின் .303 தோட்டாவின் முழு நீளம் 78 மி.மீ., விளிம்பின் விட்டம் 13.7 மி.மீ. சார்ஜரில் ஐந்து தோட்டா நின்றால் அகலம் ஏறத்தாழ 62 மி.மீ. வரும். இரண்டு சார்ஜர் முன்னும் பின்னுமாக வைத்தால் தடிப்பு 28 மி.மீ. அளவு. ஆகவே தச்சரிடம் 78க்கு 62க்கு 28 மி.மீ. என்று ஒரு வேப்பங்கட்டை சீவி வாங்குங்கள். மூலைகளைக் கொஞ்சம் மழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டை பைக்குள் இறங்கி, மூடி இழுபடாமல் குமிழில் பூட்ட வேண்டும். அசல் அப்படித்தான் பூட்டும், ஏனென்றால் அதை அந்த அளவுக்கென்றே வெட்டினார்கள்.

இந்த நகலில் ஐந்து பையில் மூன்று சரியாகப் பூட்டின. ஒன்றில் கட்டை இறங்கியது, மூடியின் நாக்கு குமிழுக்கு 4 மி.மீ. எட்டவில்லை. கடைசிப் பையில் கட்டை பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. தோல் குறைந்து இப்படி வரவில்லை. பையின் பக்கத் தையலை ஓரத்திலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே கையை விட்டுத் தடவினால் இரண்டு பக்கமும் 5 மி.மீ. தோல் வீணாக மடிந்து கிடப்பது விரலுக்குத் தெரிகிறது. வெறும் பையாகப் பார்க்கும்போது ஐந்தும் ஒரே மாதிரி வடிவாகத்தான் இருக்கின்றன. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. கட்டையோடு போனால் தெரியும்.

தோல் விடயத்தில் ஒரு கலப்பு இருக்கிறது. வார் நல்ல தடிப்பு, 3 மி.மீ., மரப்பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல். ஒரு துளி நீர் விட்டால் ஊறிக் கருக்கிறது; வளைத்தால் மேற்பரப்பின் நிறம் மெல்ல மாறுகிறது. இது அசலுக்குக் கிட்டியது. பைகளின் தோல் வேறு. மூடியின் வெட்டு விளிம்பைச் சுரண்டிப் பார்த்தால் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். அது குரோமியத்தில் பதனிட்டது. மேலே மண்ணிறச் சாயம் பூசி இரண்டையும் ஒன்றாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படைத் தோற்பொருள்கள் தாவரச் சாயத்தில் பதனிட்டவை. ஒரு பட்டியில் இப்படி நீலச் சாம்பல் விளிம்பு கண்டால் அதை அசல் என்று யாரும் வாதிட முடியாது. மேடைக்கு இது பெரிய குறை இல்லை. குரோம் தோல் மழைக்கும் வியர்வைக்கும் நன்றாகத் தாக்குப் பிடிக்கும். ஆனால் ஈரமாக்கி அச்சில் வைத்து வடிவம் எடுக்கிற வேலைக்கு அது வளைந்து கொடுக்காது. இறுகிய பையை நனைத்து விரிக்கலாம் என்று முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நூல் நைலோன். வெளியே தெரியும் நுனியை அரை சென்றிமீற்றர் வெட்டி நெருப்பில் காட்டினால் உருகிக் கறுத்த மணியாகத் திரள்கிறது. அசலில் பாவித்தது மெழுகிட்ட லினன் நூல். அது எரிந்து சாம்பலாகும். நெருப்பு வைக்க மனமில்லாதவர்கள் கடைகளில் காசு சோதிக்கும் ஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்கலாம். இன்றைய செயற்கை நூல் பெரும்பாலும் நீல வெள்ளையாக ஒளிரும். இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. பழைய பருத்திப் பட்டியை யாராவது இந்தக் காலத்துச் சலவைத்தூளில் அலசியிருந்தால் அதுவும் ஒளிரும், தூளில் வெண்மை காட்டும் இரசாயனம் இருப்பதால். ஆகவே ஒளிர்ந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். தையல் துளைக்குள் இருக்கும் நூலைப் பாருங்கள்.

உலோகத்துக்குக் காந்தம். வாரின் பெரிய பக்கிளில் காந்தம் ஒட்டியது: இரும்புக்குப் பித்தளை முலாம். குமிழ்களில் ஒட்டவில்லை, அவை பித்தளைதான். ஆனால் ஐந்தில் இரண்டு குமிழ் விரலால் திருப்பினால் சுற்றுகின்றன. குமிழின் காலை விடத் துளையைப் பெரிதாகக் குத்தியிருக்கிறார்கள். பத்துத் தடவை திறந்து மூடினால் இன்னும் இளகும், பிறகு ஒரு நாள் மூடியோடு கையில் வரும். இதைவிட முக்கியமான ஒரு தவறு மூடியின் நாக்கில் இருக்கிறது. குமிழில் பூட்டும் தோலில் வட்டத் துளையோடு சேர்ந்து ஒரு சிறிய கீறலும் இருக்க வேண்டும். அப்போதுதான் குமிழின் தலை நுழையும்போது தோல் விரிந்து கொடுத்து, நுழைந்த பிறகு கழுத்தைப் பிடிக்கும். இந்த நகலில் வட்டத் துளை மட்டும். ஒவ்வொரு தடவையும் தோலை இழுத்துக் கிழித்துக்கொண்டுதான் குமிழ் உள்ளே போகிறது.

இவை எல்லாம் திருத்தக் கூடியவை. திருத்த முடியாததும் மன்னிக்க முடியாததும் முத்திரை. வாரின் உட்புறம் ஒரு அம்புக்குறியும் 1915 என்ற ஆண்டும் குத்தியிருக்கிறார்கள். நகல் என்று எங்கும் ஒரு எழுத்துக் கூட இல்லை. இன்றைக்கு வாங்குகிறவருக்கு இது நகல் என்று தெரியும். அவருடைய பேரப்பிள்ளைக்கு யார் சொல்வது? இருபது வருடம் கோடையிலும் மாரியிலும் கிடந்து தோல் கறுத்த பிறகு இந்த 1915 ஒரு குடும்பத்துக்கே பொய்க் கதை சொல்லும். பழம்பொருள் சேர்க்கிறவர்கள் வெறுக்க வேண்டியது இதைத்தான்.

பொய் முத்திரையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அசலில் சாயமும் மெருகும் சேர்ந்து முத்திரைக்குள் நூறு வருட அழுக்குப் படிந்திருக்கும். எழுத்தின் அடியில் தோலின் நார் நசுங்கி வழவழப்பாக இருக்கும். இந்த நகலில் எழுத்தின் அடி வெளிறியிருக்கிறது. சாயம் போட்ட பிறகு குத்தியது அது. மேலும் இரண்டு நகலை அருகருகே வைத்தால் அம்பும் ஆண்டும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே சரிவில் விழுந்திருக்கின்றன. அசலில் செய்தவரின் பெயர் ஒரு நாள், பரிசோதகரின் குறி இன்னொரு நாள், படைப்பிரிவின் எண் வேறொரு கையால் என்று விழுந்ததால் குறிகள் கோணலாக, ஆழம் மாறி இருக்கும்.

அம்புக்குறியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கிடக்கும் பொருளை அடையாளம் காண இதைவிடப் பெரிய துணை இல்லை. கோழிக்கால் மண்ணில் பதிந்தது போன்ற மூன்று கோட்டு அம்பு பிரித்தானிய அரசுச் சொத்தின் குறி. பக்கத்தில் டபிள்யூ, டி என்ற எழுத்துகள் இருந்தால் போர்த் திணைக்களம். அம்பு சி எழுத்தின் வயிற்றுக்குள் இருந்தால் கனடா. இரண்டு டி எழுத்துகளின் நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. என், இசட் நடுவில் நியூசிலாந்து. யூ எழுத்துக்குள் தென்னாபிரிக்கா. அம்போடு ஐ எழுத்து சேர்ந்தால் இந்தியா. மங்கிப்போன முத்திரையைப் படிக்க எண்ணெய் பூசித் துடைக்கிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைத் தோலின் மட்டத்தில் சரித்துப் பிடியுங்கள். பகலில் காணாத எழுத்து நிழலாக எழும்பும்.

வன்னி வீடுகளில் கிடைப்பதில் பெரும்பகுதி படைப் பட்டி இல்லை, வேட்டைப் பட்டி. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் நோகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காட்டோரம் பயிர் காக்கத் துவக்கு வைத்திருந்த மண் இது. 12 போர் (bore, குழலின் அளவு) துவக்குக்கு இடுப்பில் கட்டும் தோல் வளையப் பட்டி பல வீடுகளில் இருந்தது. பிரித்துப் பார்க்க வளையத்தின் உள் விட்டத்தை அளந்தால் போதும். பிள்ளைகளின் பாடசாலை வேணியர் இடுக்கிமானி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு பேனாவின் மேல் கடதாசியைச் சுற்றித் தடிப்பாக்கி வளையத்துக்குள் விட்டு, இறுகும் இடத்தில் அடிமட்டத்தால் அளக்கலாம். 12 போர் தோட்டாவின் உடல் 20 மி.மீ. அளவு. 1871இல் பிரித்தானியப் படைக்கு வந்த மார்ட்டினி ஹென்றித் துவக்கின் தோட்டா அடியில் 17 மி.மீ. .303 என்றால் அடியில் 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வளையம் 20 என்று காட்டினால், பட்டியில் 25 வளையம் வரிசையாக இருந்தால், அது வேட்டைக்காரரின் பட்டி. அதன் மதிப்பு குறைந்துவிடாது. சொல்லப்போனால் இந்த மண்ணின் வாழ்க்கையோடு ஒட்டியது அதுதான். "ஆமிப் பட்டி" என்று பெயர் மாற்றி வைப்பதால்தான் அதன் உண்மைக் கதை அழிகிறது.

துணிப் பட்டிகளும் அவ்வப்போது வெளியே வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் இருந்தது. திருகோணமலை கடற்படைத் தளம் பக்கத்து மாவட்டம். பல மாதிரித் துணிப் பட்டிகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மிக எளிது. பிரித்தானியப் படையின் 1908 மாதிரி என்றால் இடுப்புப் பட்டி 3 அங்குல அகலம், இரண்டு பக்கமும் ஐந்தைந்து பை, கீழே மூன்று மேலே இரண்டு. பை ஒன்றுக்கு மூன்று சார்ஜர், 15 தோட்டா. இரண்டு பக்கமும் சேர்த்து 150. இடது பக்கக் கீழ்ப் பைகளின் உள்ளே தோட்டாவைப் பிடித்து வைக்க ஒரு சிறிய பட்டி இருந்தால் அது 1914க்குப் பிந்திய திருத்தம். பதுங்குகுழிச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது அந்தப் பக்கப் பைகள் திறந்து தோட்டா கொட்டியதால் அதைச் சேர்த்தார்கள். 1937 மாதிரியின் இடுப்புப் பட்டி 2¼ அங்குலம்தான். மூன்று விரலை அடுக்கி வைத்துப் பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். 1937 மாதிரியின் இந்தியத் தயாரிப்பில் நெசவு முரடாக இருக்கும். தறியில் ஒரே துண்டாக நெய்யாமல் பட்டைகளை அடுக்கித் தைத்திருப்பார்கள். அதைப் போலி என்று எறிந்துவிடாதீர்கள், அது போர்க்கால இந்தியத் தயாரிப்பின் இயல்பு.

அமெரிக்கப் பட்டி என்றால் கீழ் ஓரம் முழுக்க உலோகக் கண் வைத்த துளைகள் ஓடும், மற்றச் சாமான்களைக் கொளுவுவதற்காக. பத்துப் பை. 1910 மாதிரியின் முதல் தயாரிப்பில் பொத்தானில் கழுகு இருக்கும். 1917 அளவில் அது போய் வெறும் பொத்தான் வந்தது. 1923 மாதிரியில் ஐந்து தோட்டாக் கவ்வி என்றால் பைக்கு இரண்டு, மொத்தம் 100. கராண்ட் என்ற அமெரிக்கத் துவக்கின் எட்டுத் தோட்டாக் கவ்வி என்றால் பைக்கு ஒன்று, மொத்தம் 80. மெல்லிய பருத்தியில் ஐந்து பையாகத் தைத்த நீளத் துணி கிடைத்தால் அது .303க்கான எறிந்துவிடும் பண்டோலியர், 50 தோட்டா. அது சேமித்து வைக்கச் செய்ததே இல்லை. ஆகவே நல்ல நிலையில் கிடைத்தால் பத்திரம். துணிப் பட்டிகளில் பச்சையாகவோ காக்கியாகவோ மாவு படிந்திருந்தால் அது பிளாங்கோ, அந்தக் காலத்தில் வீரர்கள் பூசிய பூச்சு. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பட்டியின் பாதி வரலாறு கழுவுநீரோடு போய்விடும்.

தோலிலிருந்து துணிக்கு ஏன் மாறினார்கள் என்பதிலேயே பராமரிப்புக்கான பாடமும் இருக்கிறது. பித்தளைத் தோட்டாவைத் தோல் வளையத்தில் வைத்தால் தோலின் அமிலமும் கொழுப்பும் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். தோட்டா வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும், துவக்கிலும் சிக்கும். 1867இல் தோட்டாப் பட்டிக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்க அதிகாரி ஆன்சன் மில்ஸ் பின்னர் வளையத்தையும் பட்டியையும் ஒரே நெசவாகப் பருத்தியில் நெய்யும் வழிக்குப் போனதற்கு இதுவே காரணம். அவருடைய பெயரில் இலண்டனில் இயங்கிய கம்பனிதான் பின்னர் 1908 மாதிரியையும் நெய்தது. எம், இ, கோ என்ற முத்திரை அதனுடையது.

அதே பச்சைக் களிம்பு இந்த நகலின் குமிழ்களிலும் வரும். முல்லைத்தீவு போலக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் ஒரு மாரிக்குள்ளேயே பார்க்கலாம். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்கிறார்கள். விளக்குக்கு அது சரி. தோலில் பதிந்த குமிழுக்கு அது நஞ்சு. அமிலம் துளை வழியே தோலுக்குள் இறங்கி நாரை அறுக்கும். பல் குத்தும் குச்சியால் களிம்பைச் சுரண்டி, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். முதல் வாரம் பளபளப்பாக இருக்கும், பிறகு சிக்கு நாறும், பூஞ்சணம் அந்த எண்ணெயில்தான் முதலில் ஏறும், களிம்பும் கூடும்.

வன்னியின் காலநிலை தோலுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூஞ்சணம். பொலித்தீன் பையில் கட்டிப் பரணில் போடுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் மிகக் கெட்டது. உள்ளே வியர்த்து ஊறும். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, வாரை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டி, நிலத்துக்கும் சுவருக்கும் தள்ளி அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். பைகளுக்குள் அமிலமில்லாத வெள்ளைக் கடதாசியைக் கசக்கித் திணித்தால் வடிவம் கெடாது. பத்திரிகைத் தாள் கூடாது, மை ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து மாரியில் மாதம் ஒரு தடவை மாற்றுங்கள். வறுத்த அரிசியை முடிந்து வைக்கும் பழக்கம் உண்டு. ஈரம் உறிஞ்சும், ஆனால் வண்டையும் கூட்டி வரும்.

இதெல்லாம் நகலுக்கும் அசலுக்கும் பொது. அசலில் மட்டும் ஒன்று கூடுதல் கவனம். தொட்டால் விரலில் சிவந்த பொடி ஒட்டினால் தோல் செம்பொடியாக அழுகத் தொடங்கிவிட்டது. அதற்கு நீரோ எண்ணெயோ பட்டால் அந்த இடம் கறுத்துக் கட்டையாகும், பழையபடி திரும்பாது. ஹைட்ராக்சிபுரொப்பைல் செலுலோஸ் என்ற பசைத் தூளை எதனோலில் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைத்து மென்மையான தூரிகையால் தடவிப் பொடியைப் பிடித்து வைக்கலாம். அரித்துப்போன பலம் அதனால் திரும்பி வராது. அப்படிப்பட்ட பட்டியை யாருடைய தோளிலும் போடக் கூடாது. நாடகக்காரருக்கு நகல் தேவைப்படுவதே இதனால்தான். அந்த வகையில் இந்தப் பொருளுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழம்பொருள் ஆசையில் வன்னியின் மண்ணைக் கிளறக் கூடாது. நிலத்திலோ குளக்கட்டிலோ பற்றைக்குள்ளோ பட்டி, பை, உலோகம் எது தெரிந்தாலும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவியுங்கள். வீட்டுப் பழைய பட்டியில் ஒரு தோட்டா மிஞ்சியிருந்தாலும் அதுவே. பிடுங்கிப் பார்க்க வேண்டாம். பட்டியை ஒத்திகைக்குக் கொண்டு போகும்போது தோளில் போட்டபடி பஸ்ஸில் ஏறாமல் பைக்குள் வைத்துக் கொண்டு போங்கள். வீதியில் அதைக் கண்டு பதறக் கூடியவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். கண்காட்சி மேசையிலும் வெள்ளைக்காரன் காலம் என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

வாங்கினால் அன்றே செய்ய வேண்டிய திருத்தங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் பட்டி முழுவதையும் அழுத்தித் துடையுங்கள். முதல் துணியில் மண்ணிறச் சாயம் நன்றாக இறங்கும். மூன்று நான்கு துணி மாற்றி, நிறம் இறங்குவது நின்ற பிறகு நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் மேடையில் போட்டால் நடிகரின் வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஒரு கோடு நிரந்தரமாக விழும். பிறகு சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொண்டு போங்கள். நாக்கின் துளை ஒவ்வொன்றோடும் சேர்த்து 4 மி.மீ. கீறல் போடச் சொல்லுங்கள், அதைவிட நீளம் வேண்டாம். எட்டாத நாக்குக்கு 4 மி.மீ. நுனிப் பக்கம் தள்ளி இன்னொரு துளை. சுற்றுகிற குமிழைக் கழற்றி, பின்னால் 10 மி.மீ. தோல் வட்டம் ஒன்றை வைத்துத் திரும்பத் தறையச் சொன்னால் அசையாது. இறுகிய பையின் பக்கத் தையலைப் பிரித்து, 3 மி.மீ. ஓரத்துக்குத் தள்ளி மெழுகு நூலால் திரும்பத் தைக்க வேண்டும். தைக்கும்போது மரக்கட்டை உள்ளேயே இருக்கட்டும், அப்போதுதான் அளவு தவறாது. தேன்மெழுகை மிக மெல்லிதாக வாரின் வெளிப்புறத்தில் மட்டும் தேய்த்து, துணியால் மினுக்கி விடுங்கள்.

கடைசியாக, பொய் ஆண்டு குத்திய அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அழியாத மையால், பெரிய எழுத்தில் "நகல்" என்றும் வாங்கிய ஆண்டையும் எழுதுங்கள். மை காய இரண்டு மணி நேரம் விடுங்கள்.